யாரும் கேட்கவில்லை: ஓர் அருங்காட்சியகமும் காது மெஷின் போட்ட பார்வையாளரும்

ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு. அட்டையில் ‘கேட்புக் கருவி வழங்கல்’ என்று எழுதியிருந்தது. உள்ளே தேதி, பெயர், அடையாள அட்டை எண், வாங்கிய நேரம், திருப்பிய நேரம், கையொப்பம் என்று கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் முதல் பக்கம் நிரம்பவில்லை. நிரம்பிய வரிகளிலும் பாதி, கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஊழியர்களே எடுத்துப் போனதுதான்.

அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்வதில்லை என்ற பேச்சில்தான் இதை எழுதச் சம்மதித்தார்கள். நடுத்தர அளவு, பழைய கட்டடம், உயரமான கூடங்கள், ஒரு சிறு திரையறை. காது கேளாதோருக்கு ஒன்றும் செய்யாத இடம் என்று சொல்லிவிட முடியாது. டிக்கெட் கவுன்டரிலும் முதல் கூடத்திலும், பேச்சை நேராகக் காது மெஷினுக்கு அனுப்பும் ‘லூப்’ என்ற கம்பி வளையம் பொருத்தியிருந்தார்கள். குழுவாகச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கென்று கையடக்க ரிசீவர்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மாதம் ஒரு நாள் சைகை மொழியில் சுற்றிக் காட்டினார்கள், அதற்குக் கூட்டமும் நன்றாக வந்தது. லூப், ரிசீவர் பக்கம்தான் ஆளே இல்லை. ரிசீவர்கள் பழசாகிக்கொண்டிருந்தன. புதிதாக வாங்குவதா, இந்த வேலையையே விட்டுவிடுவதா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது.

“யாரும் கேட்கலையே சார்” என்றார்கள். நான் பேசிய ஒவ்வொருவரும் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். நம் மொழியில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. இந்த அருங்காட்சியகத்தில் இரண்டுமே உண்மையாக இருந்தன என்பது போகப்போகத் தெரிந்தது.

முதல் நாள்

எனக்கு இரண்டு காதிலும் மெஷின். பல வருடமாகப் போட்டிருக்கிறேன். ஒருவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் ஒரு சிக்கலும் இல்லை. நாலு பேர் சேர்ந்தாலோ, கூடம் பெரிதாக இருந்தாலோ கதை வேறு. என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சாதாரணப் பார்வையாளராகப் போய்ப் பார்ப்பது, அப்புறம் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு.

கவுன்டரில் காதுப் படமும் ‘டி’ எழுத்தும் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. மெஷினை டி நிலைக்கு மாற்றினேன். அதற்குள் டி-காயில் என்று ஒரு சிறு கம்பிச் சுருள் உண்டு. லூப் வைத்த இடத்தில் மைக்கில் பேசுவது ஆம்ப்ளிஃபயர் வழியாகத் தரையிலோ மேசையடியிலோ ஓடும் கம்பிக்குப் போகும். கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை டி-காயில் பிடித்து மெஷினுக்குக் கொடுக்கும். நடுவில் எதிரொலி கிடையாது, பக்கத்தில் அழும் குழந்தையும் கிடையாது. ஒழுங்காக அமைத்த லூப்பில் பேசுகிறவர் நம் காதுக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும்.

அன்று எனக்குக் கிடைத்தது நிசப்தம். டி நிலையில் மெஷினின் சொந்த மைக் அணைந்துவிடும் என்பதால், இருந்த கொஞ்சநஞ்சச் சத்தமும் போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த தம்பி ஏதோ கேட்டார். தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். டிக்கெட்டோடு சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் ஸ்டிக்கரும் வந்தது. அதே ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் எல்லாம் ஒரு மூலையில் கூடியபோதுதான், பதினோரு மணி வழிகாட்டிச் சுற்றில் நான் சேர்ந்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ அங்கே போன் சார்ஜர் செருகியிருந்தார்கள் என்பதைப் பிறகு கண்டுபிடித்தோம்.

வழிகாட்டி உற்சாகமான பெண். விஷயம் தெரிந்தவர் என்பது அவர் கை அசைவிலேயே தெரிந்தது. நடந்துகொண்டே பேசினார். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, படத்தைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிப் பேசினார். மற்றவர்கள் சிரித்தபோது அரை விநாடி தாமதித்து நானும் சிரித்தேன். ஒரு பெரிய நிலக்காட்சிக்கு முன்னால் நெடுநேரம் நின்றோம். மஞ்சளும் காவியும் கலந்த வெளிச்சம், அடிவானம் வரை வெறும் நிலம். ‘மாலை’ என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது. ஆமாம், அந்தி வெளிச்சம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் பொருந்தியது. கூட்டம் நகர்ந்த பிறகு விவரப் பலகையைக் குனிந்து படித்தால், அது நண்பகல். அவர் சொன்னது ‘பாலை’.

பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவருக்குப் பாலையும் மாலையும் ஒன்று, பணியும் மணியும் ஒன்று, படமும் மடமும் ஒன்று. ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மீதியை ஊகித்துத்தான் நிரப்புகிறோம். ஊகம் பொருத்தமாக விழுந்துவிட்டால், தப்பாகக் கேட்டோம் என்ற சந்தேகமே வராது. அந்தப் பலகையைப் படிக்காமல் வந்திருந்தால் இன்றும் அது எனக்கு மாலைக் காட்சிதான்.

சுற்று முடிந்ததும் வழிகாட்டி கேட்டார்: “எல்லாருக்கும் கேட்டுச்சா?” எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

ஏன் தலையாட்டுகிறோம்

ஊழியர்களோடு உட்கார்ந்தபோது முதலில் இதைத்தான் பேசினோம். அவர்கள் மனத்தில் காது கேளாதவர் என்றால் சைகை மொழி பேசுகிறவர். அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு, ஒரு சமூகம் உண்டு, குழுவாக வருவார்கள், தேவையை நேராகச் சொல்வார்கள். மாதாந்தரச் சுற்றில் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை. என்னைப் போன்ற அரைகுறைக் காதுக்காரர் வேறு வகை. சைகை மொழி தெரியாது. பேச்சு மொழியிலேயே வளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வியை இழந்தவர். பலர் மெஷினே போட்டிருக்க மாட்டார்கள். சிலருக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது, மற்றவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள் என்பார்கள்.

எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைவு. அதில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் குறைவு. 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்த இரண்டாம் வகையில் வருகிறார்கள். வார நாட்களில் அருங்காட்சியகத்துக்கு நிதானமாக வந்து போகிறவர்கள் யார் என்று கவுன்டர் தம்பியிடம் கேட்டேன். “பெரியவங்கதான் சார்” என்றார்.

இவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. வயதோடு வரும் குறைவு பெரும்பாலும் உச்ச அலைவரிசையில்தான் முதலில் தொடங்கும். உயிரொலிகள் அடிக்கட்டையில், பலமாக இருக்கும். ச, த, ட போன்ற மெய்களின் அடையாளம் மேலே, மெலிசாக இருக்கும். ஆகவே பேச்சின் ராகம் வந்து சேரும், எழுத்து உதிர்ந்துபோகும். இதைச் சொன்னதும் வழிகாட்டி, “நான் சத்தமாத்தானே பேசுறேன் சார்?” என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையான குழப்பம். கத்தும்போது உயிரொலிகள்தான் மேலும் வீங்கும், மெய்கள் அப்படியே கிடக்கும், உதட்டசைவும் கோணும் என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் குறித்துக்கொண்டார்.

தலையாட்டுவதற்கு வருவோம். “என்ன சொன்னீங்க?” என்று ஒரு முறை கேட்கலாம். இரண்டாவது முறையும் கேட்கலாம். மூன்றாவது முறை எதிராளியின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். அந்த முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான் தலையாட்டுகிறோம். இருபது பேர் கூடிய இடத்தில் முதல் முறைகூடக் கேட்க மாட்டோம். இந்த நிலையில் ஒருவர் கவுன்டருக்குப் போய், எனக்குக் காது சரியில்லை என்று அறிவித்து, அடையாள அட்டையை அடகு வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கருவி வாங்குவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். கேட்க முடியாதவரிடம் கேட்கச் சொல்கிறோம். நோட்டு காலியாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இது.

பெட்டிக்குள் இருந்தவை

மீதிக் காரணம் கருவிகளிலேயே இருந்தது. ரிசீவர் பெட்டி மாடியில் ஓர் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. மறுநாள் திறந்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் இல்லை. எல்லாவற்றோடும் காதுக்குள் செருகும் சிறு இயர்போன்கள். காதில் ஏற்கெனவே மெஷின் இருப்பவர் அதை எங்கே செருகுவார்? மெஷினைக் கழற்றிவிட்டுச் செருகினால் என் காதுக்கு ஏற்ற திருத்தமெல்லாம் போய்விடும், வெறும் சத்தம்தான் மிஞ்சும். கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்ளும் நெக்லூப் இருந்தால் ரிசீவரிலிருந்து நேராக டி-காயிலுக்குப் பேச்சு வந்துவிடும். அது ஒன்றுகூட இல்லை. வாங்கும்போது கருவி விற்றவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. (அந்தச் சொல் மறுபடியும்.)

முதல் கூடத்தின் லூப்பைச் சோதிக்க அளவுக் கருவியோடு ஒரு தொழில்நுட்பாளர் வந்தார். இதற்கென்று ஐஈசி 60118-4 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பேச்சின் உச்சத்தில் காந்தப்புலம் மீட்டருக்கு 400 மில்லிஆம்பியர் அளவைத் தொட வேண்டும். பின்னணிக் காந்த இரைச்சல் அதைவிடக் குறைந்தது 32 டெசிபல் கீழே இருக்க வேண்டும். உட்கார்ந்தவரின் காது உயரம் 1.2 மீட்டர், நின்றவருக்கு 1.7 மீட்டர் என்று கணக்கு. இந்தக் கூடத்தில் ஓரங்களில் அளவு சரியாக இருந்தது, நடுவில் விழுந்துவிட்டது. தரைக்கடியில் இருக்கும் இரும்பு காந்தப்புலத்தைத் தின்கிறது, அதிலும் உச்ச அலைவரிசையைத்தான் முதலில் தின்கிறது என்றார். எங்களுக்கு ஏற்கெனவே போய்விட்ட அதே உச்ச அலைவரிசை.

இரைச்சலைக் கண்டுபிடித்தது அவர் இல்லை, கூடத்தின் காவலர். காலையில் சோதித்தால் லூப் சுத்தமாக இருக்கிறது, திறப்பு நேரத்துக்குப் பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கிறது. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. “லைட்டைக் குறைச்சதும்தான் சார் வருது” என்றார் காவலர். பார்த்தால் டிம்மர். விளக்கை மங்க வைக்கும் அந்தக் கருவியின் மின்கம்பிகள் லூப்புக்குப் பக்கத்திலேயே ஓடின.

இன்னொன்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். தரை லூப்பின் காந்தப்புலம் மேல்நோக்கி வருவது, டி-காயிலும் நிமிர்ந்து நிற்கும் தலைக்கு ஏற்றபடி செங்குத்தாக வைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கத் தலையை 60 பாகை சாய்த்தால், கிடைக்கும் அளவு சரிபாதியாகிவிடும், அதாவது 6 டெசிபல் இறக்கம். அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு இந்தப் பிரச்சினை வராது. குனிந்து குனிந்து பார்க்கும் இடம் அருங்காட்சியகம்தான்.

கூடமும் வெளிச்சமும்

கட்டட ஒலியியல் என்ற துறை பிறந்ததே ஓர் அருங்காட்சியகத்தில் பேச்சு புரியாமல் போனதால்தான். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில், சாதாரணக் குரலில் சொன்ன ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் பேசுகிறவர் அடுத்த பத்துச் சொல்லைச் சொல்லியிருப்பார். இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் வாலஸ் கிளெமென்ட் சபைனிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ஓர் ஆர்கன் குழாயை வைத்துக்கொண்டு, ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். கூடத்தின் கன அளவு, அதில் ஒலியை உறிஞ்சும் பரப்பு, எதிரொலி நேரம் இவற்றை இணைக்கும் சூத்திரம் அங்கிருந்து வந்தது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

எங்கள் கூடம் 20 மீட்டர் நீளம், 12 அகலம், 8 உயரம். கல் தரை, காரைச் சுவர், கண்ணாடிப் பெட்டிகள். உறிஞ்ச எதுவுமே இல்லை. எதிரொலி நேரம் 3 விநாடிக்குப் பக்கத்தில் வந்தது. இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், பேசுகிறவரிடமிருந்து சுமார் 2 மீட்டருக்குள்தான் அவருடைய நேர்க்குரல் ஓங்கியிருக்கும். அதைத் தாண்டி நிற்பவருக்குச் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பியதுதான் அதிகம். இருபது பேர் அரைவட்டமாக நின்றால் கடைசி வரிசை 5, 6 மீட்டரில் இருக்கும். மெஷின் இந்த இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும், கலந்துபோன எதிரொலியைப் பேச்சிலிருந்து முழுதாகப் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது.

ஒலி கைவிட்டால் கண் இருக்கிறதே என்றால், அங்கே காட்சிப் பொருட்களைப் பழுதாகாமல் காக்கும் பிரிவு குறுக்கே நின்றது. காகிதம், துணி, நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். அந்த அரையிருட்டில் உதடு தெரியாது, சைகை மொழிபெயர்ப்பாளரின் விரல்களும் தெரியாது. பொருளைக் காப்பவரும் பார்வையாளரைக் கவனிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பேசியதே இல்லை. பேசியபோது பத்து நிமிடத்தில் முடிந்தது: படத்தின் மேல் விழும் வெளிச்சத்தைத் தொட வேண்டாம், வழிகாட்டி நிற்கும் இடத்தை மூன்றடி தள்ளி, அவர் முகத்துக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு. படத்தில் படாதபடி தடுப்பு வைத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். 50ஐத் தாண்டவில்லை.

சீட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம் என்றேன். “கேட்டுச்சா?” என்ற கேள்வியை நிறுத்திவிட்டு, சுற்று முடிவில் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பது. அந்த நிலக்காட்சியைப் பற்றி வழிகாட்டி சொன்னதில் ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். பெயர் வேண்டாம். எங்கே நின்றிருந்தீர்கள், மெஷின் உண்டா இல்லையா என்று இரண்டு கட்டம் மட்டும்.

மெஷின் போட்டவர்களின் சீட்டில் தப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். வந்தது. ஆனால் ‘அந்தி நேரம்’ என்று எழுதியிருந்த சீட்டுகளில் மெஷின் போடாதவர்களுடையதும் இருந்தன, எல்லாம் பின்வரிசை. சிலர் ஒன்றுமே எழுதாமல் மடித்துப் போட்டிருந்தார்கள். காது நன்றாக இருப்பவர்களும் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நிர்வாகத்தின் மனம் மாறியது அந்தச் சீட்டுகளால்தான். நான் பேசியதைவிட அது வேலை செய்தது என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்கூட உண்டு. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு அருங்காட்சியகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்று நான் முன்னமே எடுத்துக் காட்டியிருந்தேன். அதற்கும் அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

என்னென்ன மாறியது

முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. வழிகாட்டி நடக்கும்போது பேசக் கூடாது. நின்று, திரும்பி, எல்லோரும் வந்து சேர்ந்ததும் பேச வேண்டும். பேசி முடித்துவிட்டு, “இப்போ பாருங்க” என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் உதட்டையும் படத்தையும் பார்க்க யாராலும் முடியாது. இந்தக் கடைசிப் பகுதிதான் வழிகாட்டிக்குக் கஷ்டமாக இருந்தது. மௌனமாக அரை நிமிடம் நிற்பது தனக்கு வேலை செய்யாமல் ஏமாற்றுவது போல இருக்கிறது என்றார். பழகிய பிறகு, அந்த அரை நிமிடத்தில்தான் நல்ல கேள்விகள் வருகின்றன என்று அவரே சொன்னார்.

இரண்டாவதுதான் முக்கியமானது என்பேன். ரிசீவரைக் கேட்டு வாங்கும் முறையை எடுத்துவிட்டார்கள். சுற்றில் சேரும் எல்லோருக்கும் ரிசீவர் உண்டு, காது நன்றாக இருப்பவருக்கும். வழிகாட்டியின் கழுத்தில் மைக். மேசையில் மூன்று கூடை: இயர்போன், காதை முழுதும் மூடும் ஹெட்போன், நெக்லூப். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் எதையும் அறிவிக்க வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். நோட்டும் போனது. பின்வரிசைக்காரர்கள் முதல் நாளே நன்றி சொன்னார்கள். வழிகாட்டிக்கும் தொண்டை தப்பித்தது.

இதில் ஒரு பழைய உறவு திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றியது. லூப் முறைக்கு ஜோசப் பொலியாகாஃப் பிரிட்டனில் 1937இல் காப்புரிமை பெற்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் முதன்முதலாக ஆடியோ கைடு வைத்தபோது, அதுவும் கூடத்தைச் சுற்றி ஓடிய ஒரு கம்பி வளையம்தான். அதிலிருந்து வரும் ஒலிபரப்பை, கையில் கொடுத்த ரேடியோ ரிசீவர் வழியாக எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். காது நன்றாக இருப்பவருக்காக வந்த கருவியும் எங்களுக்காக வந்த கருவியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், நடுவில் எங்கோ பிரிந்துவிட்டார்கள்.

கூடத்து லூப்பை முழுதாகத் திருத்தப் பல வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பரப்ப வேண்டும், தரையைக் கிளற வேண்டும். பழைய கட்டடத்தில் அது நடக்காது. ஆகவே கூடம் முழுக்க லூப் என்ற ஆசையை விட்டுவிட்டு, பெஞ்சுகள் இருக்கும் ஒரு பகுதிக்கு மட்டும் சுருக்கினார்கள். அங்கே தரப்படி அளந்து, தரையில் எல்லைக்கோடு ஒட்டி, காதுப் படம் வைத்தார்கள். அரைகுறையாகக் கூடம் முழுவதும் இருப்பதைவிட ஒரு பெஞ்சில் முழுசாக இருப்பது நல்லது என்பது என் கட்சி. டிம்மர் கம்பிகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

தினமும் காலையில் லூப்பைச் சோதிக்கும் வேலை அந்தக் காவலருக்குப் போனது. ஹெட்போன் செருகிய ஒரு சின்னச் சோதனைக் கருவியோடு கவுன்டரில் தொடங்கிப் பெஞ்சு வரை நடந்துவிட்டு வருவார். விளக்கை மங்க வைத்த பிறகு இன்னொரு முறை. சார்ஜர் செருகும் ஆள் யார் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார் என்று கேள்வி.

திரையறையில் எல்லாப் படங்களுக்கும் சப்டைட்டில் வந்தது. பேச்சு மட்டும் போதாது, ‘கதவு அறையும் ஓசை’, ‘தூரத்தில் மணி’ என்று ஒலிகளையும் எழுத வேண்டும் என்று சொன்னதில் படத்தொகுப்பாளருக்கு முதலில் சலிப்பு. ஆடியோ கைடின் பேச்சு முழுவதையும் எழுத்தாகப் போனில் படிக்க வசதி செய்தார்கள். அதை வெளிமொழிப் பார்வையாளர்களும் விரும்பிப் படிக்கிறார்கள்.

சரிவராதவை

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலியை ஒரு டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். எதிரொலிக்கும் கூடத்தில் தூரத்திலிருந்து கேட்டால் அதற்கும் என் கதிதான். ஓவியர்களின் பெயர்கள் எல்லாம் உருமாறின. மைக்கை நேரடியாக இணைத்தபோது நன்றாகத் தேறியது, ஆனாலும் இரண்டு மூன்று விநாடி பின்தங்கியே வந்தது. அதைவிட, டேப்லெட் வைத்திருந்தவர்கள் படத்தைப் பார்க்கவே இல்லை, டேப்லெட்டையே பார்த்தார்கள். சிறப்புச் சொற்பொழிவுகளுக்குப் பெரிய திரையில், ஒரு மனிதர் உடனுக்குடன் தட்டச்சு செய்யும் முறைக்குப் போனார்கள். அங்கே அது பொருந்துகிறது.

எதிரொலியைக் குறைக்கச் சுவரில் உறிஞ்சு பலகை வைக்க அனுமதி கிடைக்கவில்லை. நிற்கும் இடங்களில் தடித்த விரிப்பும் ஒரு பக்கம் திரைச்சீலையும் போட்டார்கள். வித்தியாசம் கொஞ்சம்தான். நீளமான கதை சொல்ல வேண்டிய நிறுத்தத்தைப் பக்கத்துச் சிற்றறைக்கு மாற்றியதுதான் உருப்படியான பலன் தந்தது.

புதிய ஆராகாஸ்ட் முறைக்கு நேராகத் தாவிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். ப்ளூடூத்தின் இந்தப் புதிய ஒலிபரப்பு 2022இல் வந்தது. ஓர் அனுப்பியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் மெஷினிலேயே கேட்கலாம், நெக்லூப்கூட வேண்டாம். வரட்டும், நல்லதுதான். ஆனால் காது மெஷினை யாரும் போன் மாதிரி அடிக்கடி மாற்றுவதில்லை. பழைய மெஷினோடு வருகிறவர்கள் இன்னும் பல வருடம் வந்துகொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், டி-காயில் இருக்கும் மெஷினை வைத்திருந்தும் அது முடுக்கப்படாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். மெஷின் பொருத்தியவர் அதை ஒரு நிலையாகச் சேர்த்துத் தர வேண்டும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கவுன்டரில் இதைப் பற்றி ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறார்கள். மெஷின் காதுக்குள்ளேயே மறையும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் டி-காயிலுக்கு இடமே இருக்காது என்பதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த இரண்டாவது கூடை.

வழிகாட்டி மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. புதிதாக வந்த ஒருவர் மைக் இருக்கிறதே என்று நடந்துகொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். மைக் சட்டையில் உரசும் சத்தம் இருபது பேர் காதிலும் ஒரே நேரத்தில் போனது. இப்போது புதியவர்கள், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்று ஒரு முழுச் சுற்றைக் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

நிலுவை

கடைசியாக ஒன்று. தீ எச்சரிக்கை மணி. கூடங்களில் மணியோடு பளிச்சிடும் விளக்கும் இருக்கிறது. கழிவறைகளில் மணி மட்டும்தான். கூட்டத்தில் இருக்கும்போது மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாவது நாங்களும் ஓடுவோம். தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் இடம் அது ஒன்றுதான், அங்கேதான் விளக்கு இல்லை. என் முதல் குறிப்பிலேயே இதை எழுதியிருந்தேன்.

போன முறை போனபோது கவுன்டரில் டி நிலைக்கு மாற்றிக்கொண்டு அந்தத் தம்பியிடம் விசாரித்தேன். “லிஸ்ட்ல இருக்கு சார், அடுத்த தடவை வரும்போது முடிஞ்சிருக்கும்” என்றார். ஒரு சொல் விடாமல் கேட்டது.